கேம்பிரிட்ஜுக்குப் போகாதவள்

பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையிலை போன் எடுப்பம் எண்டு கடிதத்திலை எழுதியிருக்கு. இப்ப பத்து ஏழு. போன் மேசையிலை, என்ரை வலக்கைக்குக் கிட்ட, முகம் மேலை பாக்கக் கிடக்கு. சத்தம் முழுக்கக் கூட்டி வைச்சிருக்கிறன். மூண்டு தரம் பாத்திட்டன், கூட்டித்தான் கிடக்கு. எடுக்கிறவையின்ரை நம்பர் விழாதாம். ஆரோ தெரியாத ஆள் எண்டு நினைச்சு விட்டிட்டால், கதைக்க மறுத்திட்டா எண்டு எழுதி மூடிப்போடுவினமாம். என்னோடை வேலை செய்த அன்ரனீற்றா சொன்னவள். அன்ரனீற்றா சொன்னதுகளை இப்ப நான் ரெண்டு தரம் யோசிச்சுத்தான் எடுக்கிறது. பேர் பவளராணி குகதாசன், வயது நாப்பத்தெட்டு, பதினெட்டு வருசம் ஒரே பிஸ்கற் பக்ரறி, பொதி கட்டுற பகுதி, ஒரு நாளும் காரணமில்லாமல் லீவு எடுத்ததில்லை. கேட்டால் சொல்லப் பாடமாக்கி வைச்சிருக்கிறன். கேக்காட்டில் சொல்லக்கூடாது. ஸ்காபரோவிலை இருந்த எங்கடை பகுதியை மூடி, மெசினுகளோடை கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு போட்டினம். வாறவைக்கு அதே சம்பளம், அதே மணித்தியாலம். படிக்கப் போற அந்தக் கேம்பிரிட்ஜ் இல்லை, இங்கை நூற்றிப் பத்துக் கிலோமீற்றர் தள்ளி ஒரு ஊர். நான் போகேல்லை. போகாததாலை நான் தானா வேலையை விட்டதெண்டு கொம்பனி எழுதிப்போட்டுது. தானா விட்டவைக்கு ஈ.ஐ. இல்லை, வேலையில்லாக் காலத்துக்கு அரசாங்கம் குடுக்கிற அந்தக் காசு. நியாயமான காரணம் இருந்தால் மட்டும் குடுப்பினமாம். அந்தக் காரணம் என்ன எண்டு கேக்கத்தான் இண்டைக்கு எடுக்கினம். காரணம் இருக்கு. அதைச் சொல்லாமல் எப்பிடிக் காசு எடுக்கிறது எண்டுதான் நான் ஆறு கிழமையா யோசிக்கிறன்.

எல்லாம் ஒரேயொரு இங்கிலீசு எழுத்தாலை வந்தது. வேலை முடிஞ்சால் கொம்பனி அரசாங்கத்துக்கு அனுப்புற பத்திரத்திலை, ஏன் முடிஞ்சது எண்டதுக்கு ஒரு சின்னப் பெட்டி. வேலை இல்லாமல் நிப்பாட்டினால் ஏ. ஆள் தானா விட்டால் ஈ. எனக்கு ஈ போட்டிருக்கினம். அன்ரனீற்றாவுக்கு ஏ. ரெண்டு பேரும் ஒரே மேசையிலை பன்னிரண்டு வருசம் எதிர் எதிரா நிண்டு எலுமிச்சைக் கிறீம் பிஸ்கற் அடுக்கினாக்கள். அவளும் கேம்பிரிட்ஜுக்குப் போகேல்லை, நானும் போகேல்லை. பிறகு எப்பிடி அவளுக்கு ஏ? கேட்டனான். எச்.ஆர். ஒபிசுக்குள்ளை போய் அழுதவளாம். மனுசனுக்குப் பாரிசவாதம், காலமை எழுப்பி உடுப்பு மாத்தோணும், விட்டிட்டு அவ்வளவு தூரம் வர ஏலாது எண்டவளாம். அவ்வளவுதானாம். அழுதால் எழுத்து மாறுமே? எனக்கு அது பத்தேல்லை. அவள் வேறை என்னவோ சொல்லியிருக்கிறாள். அவள் ஒபிசாலை வந்த பிறகு அந்த எச்.ஆர். பெட்டை சாப்பாட்டு அறைக்குள்ளை வந்து தண்ணி எடுக்கிற மாதிரி நிண்டு என்னைப் பாத்தது. ஒருக்காப் பாத்துப்போட்டுத் திரும்பியும் பாத்தது. ஒரு ஆளைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டால்தான் அப்பிடிப் பாக்கிறது. ஒராளுக்கு ஏ போடுறதெண்டால் இன்னொராளுக்கு ஈ போடோணும் எண்டு மேலிடத்திலை கணக்கிருக்கோ தெரியாது. பவளத்துக்குக் காசு தேவையில்லை, மனுசன் பெரிய ட்றக் ஓடுறவர் எண்டு அன்ரனீற்றா சொல்லியிருப்பாளோ. சொல்லக்கூடியவள்தான். கிறிஸ்மசுக்குக் கேக் கொண்டு வந்து தருவாள், தரேக்கை என்ரை கண்ணைப் பாக்கமாட்டாள். முந்தி அதை வெக்கம் எண்டு நினைச்சனான்.

அந்தக் கடதாசி. வரமாட்டம் எண்ட ஆக்கள் எல்லாரும் ஏன் எண்டு சொந்தக் கையாலை எழுதித் தரோணும் எண்டவங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அரை மணித்தியாலம்தான். எனக்கு இங்கிலீசு கேட்டால் விளங்கும், எழுத வராது. எதிரிலை அன்ரனீற்றா பாணுக்குள்ளை மீன் வைச்சுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். அவளைத்தான் கேட்டனான். அவள் விரலைத் துடைச்சுப்போட்டு ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச்சொல்ல எழுதினனான். ஐ டூ நொட் வோன்ற் ரு கோ. எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்து, போனிலை படமும் எடுத்து வைச்சன். ரெண்டு கிழமையாலை ட்றக் ஓட்டம் முடிஞ்சு இவர் வீட்டை வந்து படத்தைப் பாத்துப்போட்டுத் தலையிலை கையை வைச்சார். 'வோன்ற் எண்டு ஏன் எழுதினனி? கான்ற், ஏலாது எண்டெல்லோ எழுதியிருக்கோணும். விருப்பமில்லை எண்டு நீயே எழுதிக் குடுத்திருக்கிறாய், அவன் ஈ போடாமல் என்ன செய்வான்?' அண்டைக்குத் தொடக்கம் அந்தச் சொல் எனக்குள்ளை சிக்கிக்கிடக்கு. வோன்ற். அவள் வேணுமெண்டு சொல்லித் தந்ததோ. தனக்கு ஒரு சொல், எனக்கு ஒரு சொல். தன்ரை கடதாசியிலை அவள் கான்ற் எண்டுதானே எழுதியிருப்பாள். குளிக்கேக்கையும் சமைக்கேக்கையும் அந்த மத்தியானத்தைத் திருப்பித்திருப்பி ஓட்டிப் பாக்கிறன், அவளின்ரை வாயிலை சிரிப்பு இருந்ததோ எண்டு. சிரிப்பு இல்லை, மீன் முள்ளுத்தான் இருந்தது, பல்லுக்குள்ளை இருந்து இழுத்தெடுத்தவள். பிறகு, இப்ப, இந்தக் கதிரையிலை இருக்கேக்கை வேறையொண்டு ஞாபகம் வருது, வராமல் இருந்திருக்கலாம். நான் அவளை என்னெண்டு கேட்டனான்? 'அன்ரனீற்றா, போக விருப்பமில்லை எண்டதை இங்கிலீசிலை எப்பிடி எழுதுறது?' நான்தான் விருப்பமில்லை எண்டு சொன்னது. ஏலாது எண்டு சொன்னால் ஏன் ஏலாது எண்டு கேப்பாள். விருப்பமில்லை எண்டால் ஒருத்தரும் அதுக்கு மேலை கேக்கமாட்டினம். அவள் நான் சொன்னதைத்தான் இங்கிலீசாக்கித் தந்தவள். அப்பிடியெண்டாலும் அவள் திருத்தியிருக்கலாம். பன்னிரண்டு வருசம் எதிரிலை நிண்டவளுக்கு என்ரை முகத்தைப் பாத்தால் தெரியாதே. தெரிஞ்சிருந்தால், அதுதான் பயம், தெரிஞ்சிருந்தால் எவ்வளவு தெரியும்?

பதினொண்டாகப் போகுது. மகள் மிது குளிக்கப் போட்டாள். தண்ணி விழுற சத்தம் கேக்குது. கதவுக்குக் கொண்டி போடக்கூடாது, அது எங்களுக்குள்ளை பேச்சு, போடமாட்டாள். பத்து நிமிசத்துக்கு மேலை போகாது. தண்ணி விழுறது நல்லது, விழுறதுக்குள்ளை ஆள் அசையிற சத்தமும் வரும், அசைஞ்சால் தண்ணி ஒரு மாதிரி உடைஞ்சு விழும், அசையாட்டில் ஒரே நேரா விழும். எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். பத்தொன்பது வயசு மகள் குளிக்கிற சத்தத்தைத் தாய் காது குடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் எண்டு ஆரும் அறிஞ்சால் எனக்குப் பைத்தியம் எண்டு சொல்லுவினம். சொல்லட்டும். நாலு தரம் விழுந்தவள். முதல் தரம் போன வருசம் மாசியிலை, படிக்கிற மேசையிலையிருந்து கதிரையோடை. ரெண்டாம் தரம் மாமி வீட்டுப் படியிலை, நல்ல காலம் கடைசிப் படி, காய்ச்சலிலை தலை சுத்தினதெண்டு சொல்லிச் சமாளிச்சம். மூண்டாவது ஆஸ்பத்திரியிலையே. நாலாவது சித்திரையிலை, இந்தக் குசினியிலை, இந்த மேசைக்கும் அடுப்புக்கும் நடுவிலை. எனக்கு போன் எடுத்தது அவளின்ரை சிநேகிதப் பெட்டை, வீடியோவிலை கதைச்சுக்கொண்டிருக்கேக்கை ஆளைக் காணேல்லையாம். பக்ரறியிலையிருந்து ஓடினனான், தொப்பியும் ஏப்பிரனும் கழட்டாமல். பத்து நிமிசம். வந்து பக்கவாட்டிலை திருப்பிப் படுக்க வைச்சு, மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு, கையாலை தலைக்கு முண்டு குடுத்துக்கொண்டு இருந்தனான். அந்தப் பத்து நிமிசம்தான் என்ரை காரணம். கேம்பிரிட்ஜிலையிருந்து ரெண்டு மணித்தியாலம், ஹைவேயிலை விபத்தெண்டால் மூண்டு. மாத்திரை இப்ப பிடிச்சிருக்கெண்டு டொக்டர் சொல்லுறார். டொக்டர்மார் சொல்லுவினம். இவர் சொன்னது வேறை. 'ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. வலிப்பெண்டு ஒருக்கா வெளியிலை போனால் பிறகு பிள்ளைக்கு வாழ்க்கை இல்லை. ஆரு வந்து பொம்பிளை கேப்பான்?' தெரிஞ்சது நாங்கள் மூண்டு பேரும், ஆஸ்பத்திரியும், அந்தச் சிநேகிதப் பெட்டையும். அவ்வளவுதான். மிதுவுக்கே ஒரு விசயம் தெரியாது. பக்ரறி முழுக்க மூடிப்போட்டினம், எல்லாருக்கும் வேலை போச்சு எண்டுதான் அவளுக்குச் சொன்னனான். தன்னாலைதான் அம்மா போகேல்லை எண்டு அறிஞ்சால் அவள் என்ன செய்வாள் எண்டு யோசிக்கவே விருப்பமில்லை. பாருங்கோ, திரும்பியும் விருப்பமில்லை.

வவுனியாவிலையும் இப்பிடித்தான் ஒரு மேசை. தொண்ணூத்தேழாம் ஆண்டு, சண்டைக் காலம். கொழும்புக்குப் போறதெண்டால் பாஸ் எடுக்கோணும், ஏன் போறாய் எண்டு கேப்பாங்கள். அங்கை ஏன் போறாய் எண்டு கேட்டவங்கள், இங்கை ஏன் போகேல்லை எண்டு கேக்கினம். மேசைக்கு அந்தப் பக்கம் ஆமிக்காரன், பக்கத்திலை கதிரையிலை ஒரு தமிழன், எங்கடை ஆள், சொல்லுறதைச் சிங்களத்திலை மாத்திச் சொல்ல. எனக்கு முன்னாலை வரிசையிலை ஒரு மனுசி, கண் ஒப்பரேசன் எண்டு சொன்னவ, கையிலை டொக்டர் எழுதின துண்டும் இருந்தது. அந்தத் தமிழன் கனநேரம் என்னவோ சொன்னான். ரெண்டு சொல்லுக்கு அவ்வளவு நேரம் எடுக்குமே? பிறகு அந்த மனுசியை வேறை அறைக்குள்ளை கூட்டிக்கொண்டு போனவங்கள். என்ரை முறை வந்து, பாஸ் கிடைச்சு, நான் வெளிக்கிடும்வரைக்கும் அவ வரேல்லை. அவன் என்னத்தைச் சொன்னானோ ஆருக்குத் தெரியும். அண்டைக்குப் படிச்சதுதான், கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. ஒரு சொல் கூடினாலும் அந்தச் சொல்லைப் பிடிச்சுத்தான் இழுப்பாங்கள். இவர் காலமை மனிற்றோபாப் பக்கம் எங்கையோ ட்றக்கை நிப்பாட்டிப்போட்டு எழுதி அனுப்பியிருக்கிறார், 'தூரம் எண்டு மட்டும் சொல்லு. பிள்ளையை இழுக்காதை.' தூரம். தூரம். தூரம். பஸ் இல்லை, கார் ஓடத் தெரியாது, தூரம். பாடமாக்கியாச்சு.

போன் அடிச்ச உடனை எடுத்தன். நம்பர் விழேல்லை. ஒரு பொம்பிளைக் குரல், வெள்ளைக்காரி, ஆறுதலாக் கதைக்குது. பிறந்த திகதி கேட்டுது, சொன்னன். ஒரு நிமிசம் நில்லுங்கோ, தமிழ் கதைக்கிற ஆளை இணைக்கிறன் எண்டுது. நான் தமிழ் ஆள் வேணுமெண்டு கேட்டனானே? ஃபோமிலை தாய்மொழி எழுதினது நினைப்பு வந்தது. கிளிக் எண்டு ஒரு சத்தம். 'வணக்கம். நான் உங்கடை மொழிபெயர்ப்பாளர், என்ரை இலக்கம் நாலு ஏழு ரெண்டு. நீங்கள் சொல்லுறதை ஒண்டும் கூட்டாமல் குறைக்காமல் உத்தியோகத்தருக்குச் சொல்லுவன். எல்லாம் இரகசியமா இருக்கும்.' இந்தக் குரலை நான் கேட்டிருக்கிறன். கலியாண வீடுகளிலை மைக்கைப் பிடிச்சுக்கொண்டு, இப்ப மாப்பிளை பகுதியினர் மேடைக்கு வரவும் எண்டு சொல்லுற குரல். அவவோ, அவவைப் போலை வேறை ஆரோ. இலக்கத்துக்குப் பின்னாலை ஒளிஞ்சால் குரல் மாறுமே. ஸ்காபரோவிலை நாங்கள் எத்தினை பேர், சுத்திச் சுத்தி அதே ஆக்கள், ஒரு மண்டபத்திலை இல்லாட்டில் இன்னொரு மண்டபத்திலை காணுற முகங்கள். உத்தியோகத்தர் கேட்டா, அந்தக் குரல் தமிழிலை மாத்திச் சொல்லிச்சுது. 'நீங்கள் எழுதிக் குடுத்ததைக் கொம்பனி அனுப்பியிருக்கு. எனக்குப் போக விருப்பமில்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். இது உங்கடை கையெழுத்தா?' ஓம் எண்டன். 'ஏன் விருப்பமில்லை?' தூரம் எண்டன். அவ இங்கிலீசிலை சொன்னது ஒரு சொல்தான், எண்ணினனான். 'கூட வேலை செய்யிற ஆரோடையாவது காரிலை சேந்து போக முயற்சி செய்தீங்களா?' இல்லை. 'கேம்பிரிட்ஜிலை வீடு பாத்தீங்களா?' இல்லை. 'வேலை நேரத்தை மாத்தித் தரச்சொல்லி கொம்பனியைக் கேட்டீங்களா?' இல்லை. இல்லை, இல்லை எண்டு சொல்லச்சொல்ல எனக்கே விளங்குது, ஒவ்வொரு இல்லையும் அந்த ஈக்கு மேலை ஒரு ஆணி. அங்காலை தட்டச்சுச் சத்தம் கேக்குது. நான் மூண்டெழுத்துச் சொன்னால் அது முப்பது எழுத்து அடிக்குது. 'தூரத்தைத் தவிர வேறை ஏதும் காரணம் இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்கோ. நேரம் எடுங்கோ.' நேரம் எடுங்கோ எண்டது உத்தியோகத்தர் சொன்னதோ, இவ தானாச் சேத்ததோ? தெரிஞ்சுதான் கேக்கிறாவோ? மாமி வீட்டுப் படியிலை பிள்ளை விழுந்த அண்டைக்கு அங்கை எத்தினை பேர் நிண்டவை. அதிலை இவவும் நிண்டவவோ?

அப்பத்தான் தண்ணி நிண்டது. நிண்டால் அடுத்ததாத் திரையை இழுக்கிற சத்தம் வரோணும். வரேல்லை. தட்டச்சும் நிண்டிட்டுது, எல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கினம், குசினியிலை பிறிட்ஜ் மட்டும் முனகுது. திரைச் சத்தம் வரேல்லை. ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணுறன். 'அம்மா, உங்களுக்குக் கேள்வி விளங்கினதா?' எண்டு குரல் கேக்குது. டமார் எண்டு என்னவோ விழுந்தது. நான் போனை எங்கை போட்டனெண்டு தெரியாது. கதிரை விழுந்தது, அது தெரியும். 'மிது! மிது!' எண்டு கத்திக்கொண்டு ஓடிக் கதவைத் தள்ளினால் புகை மாதிரி நீராவி, திரைக்குப் பின்னாலை அவளின்ரை உருவம் நேரா நிக்குது. 'அம்மா! என்னது? சம்பூ போத்தல் விழுந்தது! கதவைச் சாத்துங்கோ!' சாத்தினன். சாத்திப்போட்டுச் சுவரிலை நெத்தியை வைச்சுக்கொண்டு நிண்டனான். எவ்வளவு நேரம் நிண்டனோ, நினைப்பு வந்து திரும்பி வந்தால் போன் மேசைக்குக் கீழை கிடந்து கதைக்குது. வைச்சிட்டுப் போயிருப்பினம் எண்டு நினைச்சன், இன்னும் லைனிலை நிக்கினம். 'அம்மா, இருக்கிறீங்களா? உத்தியோகத்தர் கேக்கிறா, எல்லாம் சரியா, அம்புலன்சுக்கு அடிக்கோணுமா எண்டு.' வேண்டாம் எண்டன். 'அங்கை ஆர் இருக்கினம், அவைக்கு என்ன எண்டு கேக்கிறா. நீங்கள் வேலைக்குப் போகாததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா எண்டும் கேக்கிறா.' அதைச் சொல்லேக்கை அந்தக் குரல் கொஞ்சம் இறங்கினது. இரக்கமோ, ஆசையோ? இனி இவவுக்கு அரைவாசி தெரியும். மிச்ச அரைவாசியைத் தானாக் கட்டிக்கொள்ளுவா.

இங்கிலீசிலை சொன்னன். எனக்கு எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாது. 'இன்ரபிரற்றர், நோ. பிளீஸ். யூ அண்ட் மீ.' உத்தியோகத்தர் என்னவோ கேட்டா, அதை அந்தக் குரல் அப்பிடியே எனக்குச் சொல்லிச்சுது, கூட்டாமல் குறைக்காமல். 'மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தொடர நீங்கள் சம்மதமா எண்டு கேக்கிறா.' சம்மதம் எண்டன். 'சரி. நான் விலகிறன். கவனமா இருங்கோ, அம்மா.' கவனமா இருங்கோ. எதுக்குக் கவனம்? ஆரிட்டைக் கவனம்? கிளிக் எண்டு போச்சு. இனி அந்த வெள்ளைக்காரியும் நானும். அவ எங்கடை கலியாண வீட்டுக்கு வரமாட்டா. பக்ரறியிலை பதினெட்டு வருசமாப் பொறுக்கின சொல்லுகள் எல்லாத்தையும் ஒண்டொண்டா எடுத்து வைச்சன். 'மை டோட்டர். நைன்ரீன். எப்பிலெப்சி.' வலிப்புக்கான அந்தச் சொல்லை ஆஸ்பத்திரிக்கு வெளியிலை என்ரை வாய் சொன்னதில்லை. 'ஃபோல் டவுன். ஃபோர் ரைம்ஸ். ஹஸ்பன்ட், ட்றக், ஃபார் அவே. மீ ஒன்லி. பக்ரறி, ரென் மினிற், ஐ கம். கேம்பிரிட்ஜ், ரூ அவர். ஐ கான்ற்.' தமிழிலை எண்டால் சுத்தி வளைச்சுப் பூசி மெழுகியிருப்பன். இங்கிலீசிலை மெழுக எனக்குச் சொல் இல்லை. அவ ஆறுதலா, எனக்கு விளங்கிற மாதிரிக் கேட்டா, ஏன் கொம்பனிக்கு இதைச் சொல்லேல்லை எண்டு. ஒருத்தருக்கும் தெரியாதெண்டு சொல்ல, 'நோபடி நோ,' எண்டன். 'மை பீப்பிள், மரேஜ், பிக் புறொப்ளம்.' அவவுக்கு விளங்கினதோ இல்லையோ, அதுக்கு ஒண்டும் கேக்கேல்லை. பிறகு மற்றக் கேள்வி வந்தது. நாளைக்கு உங்கடை வீட்டுக்குக் கிட்ட ஒரு வேலை கிடைச்சால் போவீங்களா? மகளை விட்டிட்டுப் போக ஏலுமா?

எனக்கு உடனை பிடிபட்டுது, இதுதான் பொறி. இவ்வளவு நேரமும் ஆறுதலாக் கதைச்சது இதுக்குத்தான். ஏலும் எண்டால், பிறகேன் கேம்பிரிட்ஜுக்குப் போகேல்லை எண்டுவினம். ஏலாது எண்டால், வேலைக்குப் போக ஏலாத ஆளுக்கு ஈ.ஐ. இல்லை எண்டுவினம், வேலை தேடத் தயாரா இருக்கிறவைக்குத்தான் குடுக்கிறது எண்டு அன்ரனீற்றா சொன்னவள், அவள் பொய் சொல்லேல்லை. நிமிந்து பாத்தால் மிது துவாயைத் தலையிலை கட்டிக்கொண்டு வாசலிலை நிக்கிறாள். எவ்வளவு நேரமா நிண்டவளோ. போனைக் கையாலை பொத்தினன். 'பக்ரறி முழுக்க மூடினதெண்டு சொன்னியள்,' எண்டாள். 'மூடினதுதான் பிள்ளை.' 'உங்களைக் கேம்பிரிட்ஜுக்கு வரச்சொன்னவையே?' 'ஓம்.' 'என்னாலையே போகேல்லை?' போனை இன்னும் இறுக்கிப் பொத்தினன். அவள் விழுந்துகிடந்த கதிரையை நிமித்தி வைச்சாள், அதிலை இருக்கேல்லை. 'இப்ப என்ன கேக்கினம்?' 'கிட்ட வேலை கிடைச்சால் நாளைக்கே போவனோ எண்டு.' 'போவன் எண்டு சொல்லுங்கோ.' 'உன்னைத் தனிய விட்டிட்டோ?' மிது என்னைப் பாத்தாள். கோபம் எண்டு நினைச்சன், கோபம் இல்லை. 'அம்மா, நீங்கள் பக்ரறியிலை நிக்கேக்கை நான் தனியத்தானே இருந்தனான். ஆடியிலை ஒருக்கா வந்தது. வரப்போகுதெண்டு தெரிஞ்சது, நிலத்திலை போய்ப் படுத்திட்டன். முடிய எழும்பி முகம் கழுவி, டொக்டருக்கு போன் பண்ணி, அவர்தான் மாத்திரையைக் கூட்டினவர். உங்களுக்குச் சொல்லேல்லை.' 'ஏன் சொல்லேல்லை?' 'சொன்னால் நீங்கள் வேலையை விட்டிட்டு வீட்டிலை இருப்பியள்.'

அப்ப நாலில்லை, ஐஞ்சு. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு, அன்ரனீற்றாவின்ரை பல்லிலை இருந்த முள்ளைக்கூட விடாமல் துருவிப் பாத்த நான், இந்த அறைக்குள்ளை இருந்த பொய்யைக் காணேல்லை. இவளை நான் சந்தேகப்படோணும் எண்டு ஒரு நாளும் தோன்றினதில்லை. ஆடி மாசத்திலை எந்த நாள்? நான் பிஸ்கற் பொதிக்கு முத்திரை குத்திக்கொண்டு நிக்கேக்கையோ, வேலை முடிஞ்சு வாற வழியிலை மரக்கறிக் கடையிலை முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிக்கேக்கையோ. வீட்டை வந்து, என்ன பிள்ளை முகம் வாடிக்கிடக்கு எண்டு கேட்டிருப்பன், நித்திரை காணாது எண்டிருப்பாள், நான் நம்பியிருப்பன். போனுக்குள்ளையிருந்து ஹலோ எண்டு கேக்குது. கையை எடுத்தன். மகளின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டுதான் சொன்னனான். 'யெஸ். நியர் ஹவுஸ், யெஸ். ருமாறோ, யெஸ்.' மிது கையை நீட்டி போனை வாங்கினாள். தன்ரை பேரைச் சொல்லி, கடகடவெண்டு இங்கிலீசிலை கதைச்சாள். எனக்குப் பாதி விளங்கேல்லை. ஷி நெவர் ரோல்ட் மீ, அம்மா எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை எண்டது விளங்கினது. ஒருக்காச் சிரிச்சாள். என்னத்துக்குச் சிரிச்சவள், என்னைப் பற்றியோ எண்டு யோசிச்சன், யோசிச்சுப்போட்டு அந்த யோசினையை அதோடை விட்டிட்டன். வைச்சிட்டுச் சொன்னாள், டொக்டரின்ரை கடிதம் ஒண்டு பத்து நாளுக்குள்ளை அனுப்போணுமாம், அது வந்தால் காணுமாம், இது நியாயமான காரணம்தானாம். கொம்பனிக்கு வலிப்பெண்டு வருத்தத்தின்ரை பேர் சொல்லமாட்டினமாம், குடும்பக் காரணம் எண்டு மட்டும்தானாம். தனக்குப் பத்தொன்பது வயசெண்டபடியாலை கடிதத்தைத் தான்தான் கேக்கோணுமாம், நான் கேட்டால் டொக்டர் தரமாட்டாராம். 'அப்பாவுக்கு என்ன சொல்லுறது?' எண்டன். 'அப்பாவோடை நான் கதைக்கிறன்.'

தலையைத் துவட்டி, சப்பாத்தைக் கொழுவினாள். கிளினிக் பன்னிரண்டரை மட்டும் திறந்திருக்குமாம், இப்பவே போய்க் கேக்கப்போறாளாம். பஸ்ஸிலை நாலு தரிப்பு. நான் எழும்பிக் கோட்டை எடுத்தன். அவள் கதவுப் பிடியிலை கை வைச்சபடி திரும்பினாள். 'நாளைக்கே வேலைக்குப் போறன் எண்டு அரசாங்கத்துக்குச் சொல்லிப்போட்டு, இப்ப என்ரை பின்னாலை வாறியளே?' பகிடியாச் சொன்ன மாதிரித்தான் சொன்னாள். ஆனால் நிண்டவள், நான் மறுமொழி சொல்லுமட்டும் நிண்டவள். கோட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு, 'கவனமா போட்டு வா,' எண்டன். கதவு சாத்தினது. லிஃப்ற் வந்து திறந்த சத்தம், மூடின சத்தம். ஒன்பதாம் மாடியிலையிருந்து கீழை போக ஒரு நிமிசம் எடுக்கும். லிஃப்ற்றுக்குள்ளை வந்தால்? றோட்டைக் கடக்கேக்கை வந்தால்? கதிரையிலை இருந்தன், கோட்டு மடியிலை. யன்னலடிக்குப் போகக்கூடாதெண்டு இருந்தனான். ஏன் பொய், போனனான். கீழை பஸ் தரிப்பிலை அவள் நிண்டாள், ஈரத் தலையோடை, இன்னும் மூண்டு பேருக்கு நடுவிலை. மேலை பாக்கேல்லை. பஸ் வந்து அவளை மறைச்சுது. பஸ் போன பிறகு தரிப்பிலை ஒருத்தரும் இல்லை, நான் கோட்டைக் கொண்டுபோய்க் கொழுவினன்.